தவக்காலத்தில் எதை விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாக எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்கினால், ஃபாதரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பூசை முடிந்து வாசலில் செருப்புத் தேடும் சாக்கில் என் பக்கம் ஒதுங்கிக் கேட்பார்கள். வருடா வருடம் வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. சட்டம் என்று வரும் இடத்தில் சட்டத்தையும், மற்ற இடத்தில் என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

எதையாவது விட்டே ஆகவேண்டுமா? விடாவிட்டால் பாவமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் கேட்பது நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாளும் ஒருசந்தி: ஒருவேளை வயிறாரச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. அந்த இரண்டு நாளோடு தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி கிடையாது. சுத்தபோசனம் 14 வயது முடிந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 முடிந்தவர்களுக்கு, 59 வயது நிறையும்வரை. தவக்காலத்துக்கென்று திருச்சபைச் சட்டம் வைக்கும் கட்டாயம் இவ்வளவுதான்.

1966ல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்துவதற்கு முன் கெடுபிடி அதிகம். என் பாட்டி தபசுக்காலம் என்றுதான் சொல்வார். அது தொடங்குவதற்கு முந்தின நாள் கறிச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார். ஈஸ்டர் காலையில்தான் அது கீழே இறங்கும். எங்களுக்கெல்லாம் காலண்டரே அந்தச் சட்டிதான்.

டீ, சினிமா, சாக்லேட் என்று நாமாக விடுவதெல்லாம் பழக்கத்தில் வந்தவை. விடாவிட்டால் பாவம் இல்லை. அதற்காக நாற்பது நாளும் மற்ற நாள்போலவே கழியட்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. தவக்காலம் முழுவதையுமே தவத்துக்கான காலம் என்றுதான் அது குறிப்பிடுகிறது. கோவிலே சிலதை விடுகிறது, கவனித்திருப்பீர்கள். பீடத்தில் பூ இருக்காது. அல்லேலூயா பாட மாட்டார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசையில், அந்தச் சொல் திரும்பி வரும்போது சிலிர்க்கிறதே, அத்தனை நாள் அது இல்லாமல் இருந்ததால்தான்.

நாற்பது நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். 2027ல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. இடையில் 46 நாள். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது, கழித்தால் 40.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்: "அப்போ ஞாயித்துக்கிழமை சாப்பிடலாமா மிஸ்?" நீங்களாக எடுத்த முயற்சிக்கு நீங்கள்தான் விதி. ஞாயிறு விலக்கு உண்டா இல்லையா என்பதைப் புதன்கிழமையே தீர்மானித்துவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி பிரியாணி வாசனை வரும்போது தீர்மானித்தால் அது தீர்மானம் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். வெள்ளிக்கிழமையில் ஒரு பெருவிழா வந்தால் அன்று சுத்தபோசனம் இல்லை. 2027 மார்ச் 19 வெள்ளி, புனித சூசையப்பர் பெருவிழா. சூசையப்பர் பெயர் வைத்தவர்கள் நிறைய இருக்கிற நம் ஊர்களில் இது பலருக்குச் சந்தோஷச் செய்தி.

சரி, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு நாள் முழுக்க உங்கள் கையைக் கவனியுங்கள். மனதுக்குப் பிடித்தது எது என்று யோசித்தால் உருப்படியான பதில் வராது. மனது நல்ல பெயர் வாங்கப் பார்க்கும். கை பொய் சொல்லாது. காலையில் கண்ணைத் திறக்குமுன் தலையணைக்கு அடியில் எதைத் தேடுகிறது? சாப்பிட்டு எழுந்ததும் எந்த டப்பாவைத் திறக்கிறது? வேலையில் எரிச்சல் வந்தால் எங்கே போகிறது? நீங்கள் கேட்காமலே கை போகிற இடத்தில்தான் விடவேண்டியது இருக்கிறது.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, நான் விடுவதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது. எங்கள் உறவில் ஒரு அண்ணன், பெயர் வேண்டாம். தவக்காலம் முழுக்கக் கறி, மீன், முட்டை தொடமாட்டார். ஊரே மெச்சும். வீட்டில் அவர் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் மீன் குழம்பு வேண்டும். ஆக அண்ணி நாற்பது நாளும் இரண்டு அடுப்பில் இரண்டு குழம்பு வைப்பார். அண்ணனுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய், ஒருநாள் விட்டு ஒருநாள் பருப்புருண்டைக் குழம்பு. தவம் இருந்தது யார்?

ஒரு வருடம் அண்ணியே சிரித்துக்கொண்டு கேட்டுவிட்டார்: "கறியை நீங்க சாப்பிடுங்க. அதுக்குப் பதிலா உக்காந்த எடத்துல தண்ணி கேக்குறத விடுங்களேன்." அண்ணன் அன்றைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனால் செய்தார். சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக் கழுவினார். முதல் வாரம் அடுப்படியில் எந்த டப்பாவில் விம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்றாம் வாரம் அம்மா எழுந்து, "கொண்டா தம்பி, நான் கழுவுறேன்" என்று தட்டைப் பிடித்து இழுக்க, இவர் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க, ரசம் வேட்டியில் கொட்டியது. முப்பது வருடம் கறியை விட்டதில் கிடைக்காத ஒன்று அந்த நாற்பது நாளில் கிடைத்தது என்று அவரே பிறகு சொன்னார்.

கடைசியாக, விடுவதைச் சின்னதாக, பிடிபடுகிற மாதிரி வையுங்கள். "கோபத்தை விடுகிறேன்" என்றால் முதல் நாளே தோற்றுவிடுவீர்கள். எங்கே தோற்றீர்கள் என்றும் தெரியாது. "காலையில் ஸ்கூல் வேன் வரும்வரை பிள்ளைகளைக் கத்த மாட்டேன்" என்று வைத்துக்கொண்டால், ஏழரை மணிக்கே தெரிந்துவிடும் ஜெயித்தோமா இல்லையா என்று.

அசைவத்தை விடுகிறேன். அது போதாதா?

கறி இல்லாமல் சோறு இறங்காத ஆளுக்கு அது பெரிய விஷயம்தான். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் கறி எடுக்கிற வீட்டில் நாற்பது நாளில் ஐந்தாறு சாப்பாடுதான் குறையும். அவரவர் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாம் என்கிறார்களே, அது எப்படித் தியாகமாகும்?

சட்டப்படி மீன் இறைச்சிக் கணக்கில் வராது. முட்டை, பால் பொருள்களுக்கும் இப்போது தடை இல்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அவையும் தடை. ஈஸ்டருக்கு முட்டை கொண்டாட்டப் பொருளானதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் தூத்துக்குடியிலும் குமரிக் கடற்கரையிலும் தினமும் மீன்தான் குழம்பு. அங்கே வெள்ளிக்கிழமை கறியை விட்டு மீன் சாப்பிடுவது, மற்ற நாள் போலச் சாப்பிடுவதுதான். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள், வெள்ளிக்கிழமை என்பதற்காகவே மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் துண்டு வாங்கி மசாலா தடவி வறுத்தால், சட்டம் காப்பாற்றப்பட்டது. நோன்பு தப்பி ஓடிவிட்டது. இது புதுத் தந்திரம் ஒன்றும் இல்லை. ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தீனார் 1600 வருடத்துக்கு முன்பே தவக்கால மறையுரையில் இதைத்தான் திட்டினார். திராட்சை ரசத்தை விட்டுவிட்டு, அதைவிட ருசியான வேறு பழச்சாறுகளைத் தேடிப் போகிறார்களாம். தவக்காலம் புதுப்புது ருசிக்கு வழியாகிவிட்டதாம். இன்றைக்கு இருந்தால் காளான் பிரியாணி, பன்னீர் சிக்ஸ்டிஃபைவ் எல்லாம் அவர் பட்டியலில் ஏறியிருக்கும்.

டீ, காபியை விடலாமா?

விடலாம். நான் விட்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காலை ஐந்தரைக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று. எதையும் யோசிக்காமல் புதன்கிழமை காலை நிறுத்திவிட்டேன். அன்று மதியம் பிடித்த தலைவலி சனிக்கிழமை வரை விடவில்லை. பால் பொங்கியதற்கு மகனைத் திட்டினேன்; பாலுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைத் தலம் தலமாக நின்று தியானிக்கும் சிலுவைப்பாதையில், ஐந்தாம் தலத்தில் முழங்காலிட்டவளுக்கு எழுந்திருக்க மனது வரவில்லை, பக்தியால் இல்லை, தலை சுற்றியது. சனிக்கிழமை மகள் ஒரு டம்ளரில் டீ போட்டு எடுத்து வந்து முன்னால் வைத்துவிட்டு, "அம்மா, இயேசுசாமி ஒண்ணும் சொல்லமாட்டாரு, குடிச்சுரும்மா" என்றாள். அன்றைக்குப் புரிந்தது, நோன்பு நான் இருக்கிறேன், சிலுவையை வீட்டில் இருக்கிறவர்கள் சுமக்கிறார்கள் என்று.

காஃபினுக்குப் பழகிய உடம்பில் அதை டக்கென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கலாம். இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரம் வரைகூட இழுக்கும். அதனால் திருநீற்றுப் புதனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு டம்ளராகக் குறைத்து வாருங்கள். அடுத்த வருடம் அப்படித்தான் செய்தேன். தலைவலி இல்லை. அந்தக் காலை ஐந்தரை மணிக்கு மட்டும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியில் நிற்பேன். ஜெபம் செய்ய அந்தப் பத்து நிமிடம் தானாக வந்து விழுந்தது.

கணவர் தவக்காலத்தில் மட்டும் குடிக்கமாட்டார். இதற்கு அர்த்தம் உண்டா?

நாற்பது நாள் நிம்மதியாகத் தூங்கும் மனைவியிடம் கேட்டால் அர்த்தம் உண்டு என்பார். ஈஸ்டர் அன்று சாயங்காலமே நாற்பது நாள் பாக்கியையும் சேர்த்துக் குடிக்கிறவரின் மனைவியிடம் கேட்டால் வேறு பதில் வரும். "என்னால் முடியும்" என்று ஒரு மனிதன் தனக்கே நிரூபித்துக்கொள்கிற காலம் அது. நாற்பத்தொன்றாம் நாளுக்கு என்ன திட்டம் என்பதையும் அவரிடம் ஈஸ்டருக்கு முந்தின வாரமே பேசிவிடுங்கள், பிறகு பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை. தினமும், அதுவும் காலையிலிருந்தே குடிக்கிற பழக்கம் உள்ளவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, அதையும் தாண்டி வலிப்பு, பிதற்றல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்டவர் முதலில் போகவேண்டியது மருத்துவரிடம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. அங்கே போய் நிற்பதைவிடப் பெரிய ஒறுத்தல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

செல்போனை விடலாமா? வேலையே அதில்தானே?

2020 திருநீற்றுப் புதன் அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி உரையில் இதைத்தான் பேசினார்: தொலைக்காட்சியை அணைத்து விவிலியத்தைத் திறக்கவும், செல்போன் தொடர்பை விட்டு நற்செய்தியோடு தொடர்பு கொள்ளவும் ஏற்ற நேரம் இது என்று. சில வாரத்தில் கொரோனா ஊரடங்கு வந்து, பூசையே செல்போனில் பார்க்கவேண்டியதாகிவிட்டது வேறு கதை.

போனை மொத்தமாக விட முடியாது. ஒரு இடத்தையோ நேரத்தையோ விடுங்கள். படுக்கையறைக்குள் போன் வராது, சார்ஜர் ஹாலில்தான். அல்லது சாப்பிடும்போது போன் கிடையாது. ஸ்டேட்டஸில் "தவக்காலம் முடியும்வரை வாட்ஸ்அப்பில் வரமாட்டேன்" என்று சிலுவைப் படத்தோடு போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மூன்று தடவை எட்டிப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருத்தி.

ஒரு கெட்ட பழக்கத்தை விட்டால் கணக்கில் சேருமா? உதாரணமாக, பொய், புறம் பேசுவது?

பாவத்தை விடுவது பன்னிரண்டு மாத வேலை. "தவக்காலத்தில் மட்டும் லஞ்சம் வாங்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம் இல்லையா? நோன்பில் நாம் விடுவது நல்ல பொருளை. சோறு நல்லது, டீ நல்லது, பாட்டு நல்லது. ஈஸ்டர் அன்று சந்தோஷமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைத்தான் சாதாரணமாக விடுகிறோம்.

ஆனால் நாக்கு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் இளகுவேன். நான்காம் நூற்றாண்டில் செசரியா நகர ஆயர் புனித பசிலியார் நோன்பைப் பற்றிப் பேசும்போது, நீ இறைச்சி தின்பதில்லை, ஆனால் உன் சகோதரனைத் தின்கிறாய் என்ற பொருள்படக் கேட்டார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்து தெருமுனையில் நின்று பேசுகிற அந்த இருபது நிமிடம் நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் நான் கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். எதையும் "விட்டதாக" யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் அந்த இருபது நிமிடமும் பேசியிருப்பார்கள் என்ற பயத்தோடு நாற்பது நாள் போனது.

விடுவதைவிட ஏதாவது நல்லது செய்வது மேல் இல்லையா?

இந்தக் கேள்வியில் "விட" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், திருநீற்றுப் புதன் அன்று வாசிக்கும் நற்செய்தியில், தர்மம், ஜெபம், நோன்பு மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. எசாயா 58ஆம் அதிகாரம் இன்னும் நேரடியாகக் கேட்கிறது: பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், வீடில்லாதவனுக்கு இடம் கொடுப்பதும்தானே நான் விரும்பும் நோன்பு என்று. விட்டதால் மிஞ்சுவது ஒரு கைக்குப் போகவேண்டும்.

காசாகவே பாருங்கள். கடையில் ஒரு டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு வீதம் 40 நாளைக்கு 1,200 ரூபாய். பல பங்குகளில் தவக்காலத் தொடக்கத்தில் சின்ன அட்டை உண்டியல் தருவார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் தொண்டு அமைப்பான காரித்தாஸ் இந்தியாவும் ஒவ்வொரு தவக்காலத்திலும் நிதி திரட்டுகிறது. உண்டியலில், ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்து ஞாயிறு காலையில் ஒரே நோட்டாக மடித்துப் போடாதீர்கள். டீ குடிக்காத அந்த நேரத்திலேயே போடுங்கள். பதினைந்து ரூபாய் சில்லறை விழும் சத்தம் பக்கத்து அறையில் படிக்கிற பிள்ளைக்குக் கேட்கும்.

யாருக்குத் தருவது என்று தெரியவில்லை என்றால், உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டருக்குக் கடன் வாங்கியிருப்பார்கள். பெயர் சொல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. மளிகைக் கடைக்காரரைக் கேட்டுப்பாருங்கள், யார் கணக்கு நீண்டு கிடக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்லலாம்?

வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "சாக்லேட்" என்பார்கள். எங்கோ ஆங்கிலப் புத்தகத்தில் படித்தது. "கடைசியா எப்போ சாக்லேட் சாப்பிட்ட?" என்று கேட்டால் யாரோ பிறந்தநாளைச் சொல்வார்கள். தினமும் பள்ளிக்கூட வாசலில் வாங்குகிற ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட் அவர்களுக்கு நினைவுக்கே வராது.

சட்டப்படி 14 வயதுக்குக் கீழே எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் திணிக்காதீர்கள், கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "வேன்ல ஜன்னல் சீட்டை விடுறேன் மிஸ், தங்கச்சிக்கு" என்றான். மார்ச் மாத வெயிலில் வேனில் ஜன்னலோர இடம் என்றால் என்னவென்று அந்த வயதில் போனவர்களுக்குத் தெரியும். அதன்பிறகு நான் அந்த வகுப்புக்கு உதாரணம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, வயதானவர்கள்?

நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், உடம்பைக் கசக்கி வேலை செய்கிறவர்கள் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளையைத் தள்ளினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். 75 வயது அம்மாவிடம் "நீங்க சாப்பிடலாம்மா, சட்டமே இல்ல" என்று சொன்னால் கேட்கமாட்டார் என்பதும் தெரியும். ஃபாதரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னாலும் கேட்கமாட்டார். கஞ்சியையாவது நேரத்துக்குக் குடிக்க வையுங்கள்.

காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள், தாடி வளர்க்கிறார்கள், பூ வைப்பதில்லை. இதெல்லாம் வேற்று மதப் பழக்கமா?

இந்த மண்ணின் பழக்கம். துறந்ததை உடம்பில் காட்டுவது நம் ஊரில் எல்லோருக்கும் பொது. ஒருசந்தி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பதற்குத் தமிழில் முன்பே இருந்த சொல், மறைக்கல்விப் புத்தகம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் தலையில் மல்லிகை ஏறாது. எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பூக்காரம்மா பிப்ரவரி பிறந்ததும் "உங்களுக்கு எப்போலேருந்து வேணாம்?" என்று அவராகவே கேட்டுவிடுவார். அவருக்கு நாற்பது நாள் வியாபாரம் போவதும் என் கணக்கில்தான் வரவேண்டும் என்று நினைத்து, இப்போதெல்லாம் பூவை வாங்கி மாதா படத்துக்கு வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு பாய் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். வெள்ளிக்கிழமை. கஞ்சியில் கொத்துக்கறி. என்ன செய்வது?

2026ல் தவக்காலமும் ரமலானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கியதால் இந்தக் கேள்வி எனக்கு மூன்று வீட்டிலிருந்து வந்தது. வாசலில் வைத்து "ஐயையோ, இன்னைக்கு எங்களுக்குக் கறி ஆகாது" என்று பாத்திரத்தைத் திருப்பாதீர்கள். வாங்கி வையுங்கள். 14 வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகள் குடிக்கலாம். மற்றதை ஃப்ரிட்ஜில் வைத்தால் சனிக்கிழமை உங்கள் நேரம். நீங்களாக அசைவம் விட்டிருக்கிறீர்கள் என்றால், உங்கள் விரதத்தைவிட அவர் பாத்திரம் பெரிது என்பது என் கட்சி. தயங்காமல் விஷயத்தையும் சொல்லிவிடலாம். நோன்பு என்றால் என்னவென்று அவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் அடுத்த வெள்ளி கறி போடாத கஞ்சி தனியாக ஒரு தூக்கில் வந்தது.

விடுவதை மற்றவர்களிடம் சொல்லலாமா?

முகத்தை வாடவைத்துக்கொண்டு காட்டாதே, தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவு என்கிறது நற்செய்தி. ஆனால் சமைக்கிறவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். விருந்துக்குப் போன வீட்டில் தட்டு வைத்தபிறகு சொல்லக்கூடாது. போகுமுன் போனில் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

மற்ற சபைக்காரர்கள் இதைக் கடைப்பிடிப்பதில்லையே?

சிலர் கடைப்பிடிக்கிறார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் லெந்து காலம் என்பார்கள். தனியாகத் தியானக் கூட்டங்கள் நடக்கும். கேரளத்துச் சீரோ மலபார் கத்தோலிக்கர்களுக்கு அது ஐம்பது நாள் நோன்பு. புதன்கிழமைக்குக் காத்திராமல் திங்கள்கிழமையே தொடங்கிவிடுவார்கள். கீழை ஆர்த்தடாக்ஸ் முறையில் இறைச்சியோடு பால், முட்டையும் போய்விடும். பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக இந்தக் காலமே கிடையாது, உபவாசம் உண்டு. 1522ல் சூரிச் நகரத்தில் அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் தவக்காலத்தில் தொத்திறைச்சி சாப்பிட்டது பெரிய வழக்காகி, அங்கே இருந்த குரு ஸ்விங்லி அவர்களுக்காகப் பிரசங்கமே செய்தார். சுவிட்சர்லாந்தின் புரோட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்கு அந்தத் தொத்திறைச்சி ஒரு பிள்ளையார் சுழி. மைத்துனர் வேறு சபை என்றால் சாப்பாட்டு மேசையில் இந்த வாதத்தைத் தொடங்காதீர்கள். ஐந்நூறு வருடமாகியும் முடியவில்லை.

பத்தாம் நாளே தவறிவிட்டேன். இனி தொடர்வதில் அர்த்தமில்லையே?

சிலுவைப்பாதையில் இயேசு மூன்று தடவை விழுகிறார். மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் தலங்கள். எல்லா வெள்ளியும் பாடிக்கொண்டே அதைக் கடக்கிறோம். பதினோராம் நாள் காலையில் திரும்பத் தொடங்குங்கள். நாலைந்து தடவை ஒரே இடத்தில் தவறினால், எடுத்தது பெரிது என்று அர்த்தம், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விட்டதை எப்போது திரும்ப எடுக்கலாம்?

வழிபாட்டு முறைப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலைப் பூசை தொடங்குமுன் முடிகிறது. ஆனால் அடுத்து வருவது பெரிய வெள்ளி. நம் ஊரில் யாரும் வியாழன் ராத்திரி சட்டியை இறக்குவதில்லை. திருவிழிப்புப் பூசை முடியும்வரை பொறுப்பார்கள்.

எங்கள் கோவிலில் அது முடிய ராத்திரி ஒரு மணி ஆகும். வெளியே இளைஞர் மன்றத்துப் பையன்கள் பெரிய டிரம்மில் டீ வைத்திருப்பார்கள். டீயை விட்ட வருடம் வரிசையில் நின்று பேப்பர் கப்பில் வாங்கினேன். மெழுகுதிரி சொட்டி விரல் காய்ந்திருந்தது, கப்பைப் பிடிக்க வரவில்லை. சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தார்கள், இஞ்சி கிடையாது, டிக்காஷன் தண்ணீர். இரண்டு கப் குடித்தேன்.